50-ஐ தாண்டினால் ‘ஊம்ம்’ சத்தம்: டயரா, வீல் பேரிங்கா?

பாண்டி பஜாரிலும் மயிலாப்பூரிலும் 20 கி.மீ. வேகத்தில் ஊரும் வரை பழைய காரின் வீல் பேரிங் வாயே திறக்காது. அடையாறு தாண்டி ஓஎம்ஆரில் 50, 60-ஐ தொடும்போதுதான் ‘ஊம்ம்’ என்று ஆரம்பிக்கும். டயர் தேய்ந்துவிட்டது என்று நினைத்து நாலு டயரையும் மாற்றியவர்கள் உண்டு. சத்தம் மட்டும் அப்படியே இருக்கும்.

சக்கரத்தை போல்ட் போட்டு மாட்டும் பாகம்தான் ஹப். அது சுற்றுவது பேரிங்கின் மேல். உள்ளே எஃகு குண்டுகள், கிரீஸ், இரு பக்கமும் சீல். சாலைப் பள்ளங்கள் போதாதென்று, சென்னையில் மழைநீர் வேறு. 2015 வெள்ளம், 2023 மிக்ஜாம் புயலையெல்லாம் விடுங்கள், தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்க ஒரு நல்ல மழை போதும். ஓடிச் சூடான ஹப் சட்டென்று தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வயதான சீல் வழியாக நீரை இழுத்துக்கொள்ளும். பிறகு கிரீஸ் கெடும், துரு ஏறும். சத்தம் வர மாதங்கள்கூட ஆகலாம். அதனால்தான் யாரும் மழையைச் சந்தேகப்படுவதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? காலி சாலையில் 60-ல் போகும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டு கிளட்சை மிதியுங்கள். இன்ஜின் சத்தம் இறங்கியும் ‘ஊம்ம்’ இறங்கவில்லை என்றால் கோளாறு சக்கரப் பக்கம். தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறும்போது சத்தமும் மாறினால் டயராக இருக்கலாம். இடது வளைவில் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். எடை அந்தப் பக்கம் சாய்வதுதான் காரணம்.

ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ‘லொட லொட’ என்கிறதா? ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். ஆட்டம் கண்ட பிறகும் ஓட்டினால் பேரிங் சூடேறி இறுகலாம், மோசமான கட்டத்தில் சக்கரமே கழன்று போகலாம். இசிஆர் வேகத்தில் அது விளையாட்டல்ல.

பல பழைய கார்களில் முன் பேரிங்கை நக்கிளுக்குள் பிரஸ் மெஷினில்தான் இறக்க வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழும், புது பேரிங்கும் சீக்கிரமே பாடும். ஹப்பின் கழுத்து தேய்ந்திருந்தால் ஹப்பையும் மாற்றுங்கள். இல்லையென்றால் பேரிங் பிடித்து நிற்காது. புதுப்பேட்டையில் பழைய ஹப் கிடைக்கும்தான், ஆனால் அந்தக் கழுத்தைத் தடவிப் பார்க்காமல் வாங்காதீர்கள். பேரிங் மட்டும் புதிதாகவே இருக்கட்டும். ஆக்சில் நட்டும் புதிதுதான் வேண்டும், கடைசி முறுக்கு டார்க் ரெஞ்சில். ஏபிஎஸ் உள்ள காரில் சில பேரிங்குகளுக்கு ஒரு பக்கம் காந்த வளையம் இருக்கும். திருப்பிப் போட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். நக்கிளைக் கழற்றியிருந்தால் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

டிரையல் பார்க்கிறேன் என்று மெக்கானிக் தெரு முனை வரை ஓட்டிவிட்டு வருவார். அது போதாது. ஓஎம்ஆர் வரை கூட்டிப்போய் 60-ல் ஓட்டிக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.