இருவருக்கும் ஒரே நீதி

கணினியின் விசைப்பலகை ஒன்றில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து விளையாட அமர்ந்தால் எழும் வழக்கு, பூண்டுலோயாவில் எம் இல்லத்திலும் உண்டு. "நான் அழுத்தினேன், அது ஏற்கவில்லை!" என்பான் இளையவன். அவன் கூறுவது பொய்யன்று. சாதாரண விசைப்பலகையில் விசைகள் கம்பிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. பலவற்றை ஒருசேர அழுத்தினால் சில பதிவாகாமற் போகும்.

1962ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 'ஸ்பேஸ்வார்' என்னும் விண்கலப் போர் விளையாட்டை ஆடியோரையும் இத்தகைய குறை வாட்டியது. கணினியில் இருந்த ஆளிகளைக் கொண்டே இருவரும் ஆடினர். திரையோ ஒருவருக்கே வசதியான பக்கத்தில் இருந்தது. அலன் கோட்டொக், பொப் சோண்டர்ஸ் என்போர் ஆளுக்கொரு கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கையாற் செய்து அக்குறையைத் தீர்த்தனர்.

மாணவர்களே, நீங்களும் செய்யலாம். பலகைப் பெட்டியிற் பொருத்தும் ஒவ்வொரு பொத்தானுக்கும் இரு முனைகள் உண்டு. ஒரு முனையிலிருந்து செல்லும் கம்பி, கணினியோடு இணையும் சிறு சுற்றுப்பலகையில் தனக்குரிய இடத்தைச் சேரட்டும். மறுமுனைகள் யாவும் ஒரே பொதுக்கம்பியில் இணையட்டும். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் தனிச் சுற்றுப்பலகை வேண்டும். பின்னர் எந்தப் பொத்தான் எவருக்கு, எச்செயலுக்கு என்பதைக் கணினியிற் குறித்து, எல்லாவற்றையும் ஒருங்கே அழுத்திச் சோதியுங்கள். இக்கம்பிகளில் ஓடுவது 5 வோல்ற்றுக்கு மேற்படாது. 230 வோல்ற்று வீட்டு மின்சாரத்தைப் பெரியோரிடம் விட்டுவிடுங்கள்.

தோற்றவன் தன் கைத்திறனை நொந்துகொள்ளலாம். கம்பியை நோக இடம் வைக்கலாகாது.