இடுப்பு வலி என்று மட்டும் சொல்லாதீர்கள்

என் தங்கைக்கு அப்போது எட்டாம் மாதம். கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியில் பழைய சேலை ஒன்றை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருந்தாள். பிள்ளைக்கு இப்போதே தொட்டில் கட்டிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அது அவளுக்கானது. இரவில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திரும்பவும், பாத்ரூமுக்கு எழும்பவும், அந்தச் சேலையைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டியிருந்தது. திரும்பும்போது அடிவயிற்றின் கீழே எலும்பு இரண்டாகப் பிளப்பதுபோல் இருக்கிறது என்றாள்.

"கிளினிக்கில் சொன்னாயா?"

"சொன்னேன் அக்கா. இடுப்பு வலி என்றேன். புள்ளத்தாச்சி என்றால் இடுப்பு வலிக்கத்தான் செய்யும் என்று அனுப்பிவிட்டார்கள்."

அவள் சொன்ன சொல்லிலேயே சிக்கல் இருந்தது. நம் பேச்சில் முதுகின் அடி நொந்தாலும் இடுப்பு வலிதான், தொடைச்சந்து குத்தினாலும் இடுப்பு வலிதான், பிரசவ வலி எடுத்தாலும் இடுப்பு வலிதான். கேட்பவர் தமக்குப் பழகிய பொருளை எடுத்துக்கொள்வார். ஒன்று, பிரசவம் தொடங்கிவிட்டதோ என்று பதறுவார், இல்லையேல் எல்லோருக்கும் வரும் நோவுதானே என்று தள்ளிவிடுவார். எங்கள் கண்டியில் இன்னொரு திருப்பமும் உண்டு. சிங்களத்தில் சொல்ல வேண்டி வந்தால் நம் பெண்கள் தெரிந்த அளவில் "கொந்த ரிதெனவா" என்பார்கள். கொந்த என்றால் முதுகு. முன்பக்க எலும்பில் இருந்த வலி அத்தோடு முதுகு வலியாகவே பதிவாகிவிடும்.

இந்த வலிக்குத் தனிக் காரணம் இருக்கிறது. இடுப்பு என்பது வளையம்போல் அமைந்த எலும்புக் கூடு. முன்னால் நடுவில் ஒரு பொருத்து, பின்னால் முதுகுத்தண்டின் அடியில் இரண்டு பக்கமும் இரண்டு பொருத்துகள். கர்ப்ப காலத்தில் சுரக்கும் ரிலாக்சின் முதலான ஹோர்மோன்கள் இவற்றைக் கட்டியிருக்கும் நார்களை இளக்குகின்றன. முன்பொருத்தில் சாதாரணமாக 4, 5 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும். கர்ப்பத்தில் அது இன்னும் 2, 3 மில்லிமீற்றர் கூடும். பிள்ளை வெளியே வர உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது. ஆனால் வயிற்றின் பாரம் ஏறும் கடைசி மாதங்களில் இந்தப் பொருத்துகள் ஒன்றுக்கொன்று சமமாக அசையாமல் போனால் நோவு பிடித்துக்கொள்ளும். கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. முன்பு இடுப்பிலோ முதுகிலோ அடிபட்டவர்கள், முந்தைய கர்ப்பத்தில் இதே வலி கண்டவர்கள், உடம்பை வருத்தி வேலை செய்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்புக் கூடுதல்.

அடையாளம் கண்டுகொள்வது கடினமல்ல. ஒற்றைக் காலில் நிற்கும் ஒவ்வொரு வேளையிலும் வலி கூடும். படி ஏறும்போது, பாவாடைக்குள் காலை விடும்போது, பஸ்ஸின் மிதிபலகையில் கால் வைக்கும்போது, படுக்கையில் புரளும்போது சுள்ளென்று குத்தும். சிலருக்கு எலும்புக்குள் 'டிக்' என்று சத்தம்கூடக் கேட்கும். அசையாமல் இருந்தால் தணியும். பிரசவ வலி அப்படி இருக்காது. அது அலைபோல் வந்து, வயிறு கல்லாக இறுகி, விட்டு, மறுபடி வரும். நேரம் போகப் போக இடைவெளி குறையும்.

தாய்மார் முதலில் கேட்பது பிள்ளையைப் பற்றித்தான். இந்தப் பொருத்து வலியால் வயிற்றிலுள்ள பிள்ளைக்குக் கேடு எதுவும் இல்லை. இந்த வலி இருப்பதற்காக மட்டும் சிசேரியன் செய்யத் தேவையும் இல்லை. பெரும்பாலானோர் சுகப்பிரசவமே காண்கிறார்கள்.

ஆனால் எல்லா இடுப்பு வலியும் பொருத்து வலி என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. இரத்தம் பட்டாலோ, பனிக்குட நீர் கசிந்தாலோ, வயிறு பலகைபோல் இறுகி, இடைவிடாமல் வலித்தாலோ, பிள்ளையின் துடிப்புக் குறைந்தாலோ இரவென்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது. 37 கிழமை நிறையும் முன் விட்டுவிட்டு வலி வந்தால் அது குறைமாதப் பிரசவத்தின் தொடக்கமாக இருக்கலாம். காய்ச்சலும் சிறுநீர் எரிச்சலும் சேர்ந்த இடுப்பு வலி சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம். கடும் தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழியின் கீழ் வலி ஆகியவை பிரஷர் ஏறியதன் அறிகுறிகள். கால்களுக்கு இடையில் மரத்துப்போவது, சிறுநீர் அடங்காமல் போவது, கால் பலமிழப்பது நரம்பு நசிவதைக் காட்டும். ஒற்றைக் கெண்டைக்கால் வீங்கிச் சூடாகி நொந்தால் இரத்தக் கட்டி என்று சந்தேகிக்க வேண்டும். வலிக்குப் பயந்து நாள் முழுக்கப் படுத்தே கிடப்பவர்களுக்கு இந்த ஆபத்துக் கூடும். ஏற்கெனவே சிசேரியன் செய்தவருக்குத் தழும்பு இருக்கும் இடத்தில் வலித்தால் அதையும் உடனே காட்ட வேண்டும்.

இனி நம் ஊரை நினைத்துப் பாருங்கள். கண்டியில் பலருடைய வீடு வீதியில் இல்லை. வீதியிலிருந்து ஐம்பது, அறுபது கொங்கிரீட் படி ஏறினால்தான் வாசல். ஹந்தானை, தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் லய வீட்டிலிருந்து தண்ணீர்ப் பீலிக்கே சரிவில்தான் இறங்க வேண்டும். கொழுந்து பறிப்பவர் சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக, முதுகில் பாரத்தோடு, மணிக்கணக்கில் நிற்கிறார். இடுப்பின் பொருத்துகளுக்கு இதைவிடக் கெட்ட நிலை இல்லை. அந்தப் பெண் வாய் திறந்து வலி என்று சொல்ல மாட்டார். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும் என்ற பயம் அவருக்கு.

செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன, காசும் அதிகம் வேண்டாம். என் தங்கையை இரண்டாவது தடவை நானே கூட்டிக்கொண்டு போனேன். வலிக்கும் இடத்தை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டு, எந்த அசைவில் வலிக்கிறது என்று சொல் என்று சொல்லி வைத்திருந்தேன். அன்று டொக்டர் பிசியோதெரபிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்த பெண் முதலில் கற்றுக்கொடுத்தது புரள்வதைத்தான். இரண்டு முழங்காலையும் ஒட்டி மடக்கி, நடுவில் ஒரு தலையணையை இடுக்கிக்கொண்டு, தோளும் இடுப்பும் முழங்காலும் ஒரே துண்டாகத் திரும்ப வேண்டும். எழும்பும்போது முதலில் பக்கவாட்டில் சாய்ந்து, கால்களைச் சேர்த்தே கீழே இறக்கி, கையை ஊன்றி எழ வேண்டும். அன்றிரவே சேலையை அவிழ்த்துவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். ஒரு கிழமை ஆனது. வலி அடியோடு போகவும் இல்லை. ஆனால் இரவில் நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கினாள்.

படி ஏறும்போது வலி குறைந்த காலை முதலில் வைத்து மற்றக் காலை அதே படியில் சேர்க்க வேண்டும். இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். உடுப்பு மாற்றுவது உட்கார்ந்துதான். குந்தியிருந்து பாத்திரம் கழுவுவதையும் துணி தோய்ப்பதையும் நிறுத்தி, ஸ்டூலில் உட்கார்ந்து செய்யுங்கள். மூத்த பிள்ளையை ஒரு பக்க இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வது நமக்குக் கைவந்த பழக்கம். இந்த மாதங்களில் அதை விட்டுவிட வேண்டும். இடுப்பைத் தாங்கும் பட்டி சிலருக்கு நல்ல ஆறுதல் தரும். அது வயிற்றை நசுக்காமல் அதற்குக் கீழே, இடுப்பெலும்பைச் சுற்றி நிற்க வேண்டும். பிசியோதெரபி செய்பவர் ஒருமுறை கட்டிக் காட்டினால் போதும். இடுப்பின் பின்பக்கம் இளஞ்சூடான ஒத்தடம் கொடுக்கலாம், வயிற்றின் மேல் வேண்டாம். வயிற்றை அழுத்தி உருவிவிடச் சம்மதிக்கவே கூடாது. யார் எவ்வளவு கைராசிக்காரர் என்றாலும் சரி.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். டொக்டர் சொன்ன அளவில் பெனடோல் எடுக்கலாம். டைக்ளோபினாக், இபுபுரோபன் வகை வலி மாத்திரைகளைப் பார்மசியில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். 20 கிழமைக்குப் பிறகு அவை பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். கடைசி மாதங்களில் பிள்ளையின் இதயத்தோடு சேர்ந்த முக்கியமான இரத்தக் குழாய் ஒன்றை நேரத்துக்கு முன்பே மூடச் செய்யவும் கூடும். "மூட்டு வலி மாத்திரை ஒன்று தாங்கோ" என்று கணவர் போய் வாங்கி வருவதுதான் வழக்கம். கர்ப்பிணிக்கு என்று அவர் சொல்லாவிட்டால் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. நேராகப் போய் நிற்காமல், கிளினிக் டொக்டரிடம் துண்டு எழுதித் தரக் கேளுங்கள். வீட்டுக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடம், நாம் மிட்வைஃப் மிஸ் என்று கூப்பிடுகிறோமே அவரிடம், முதலில் சொல்லுங்கள். வழி திறப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

கிளினிக்கில் தரும் எச் 512 கர்ப்ப அட்டையில் இந்த வலியை எழுதச் சொல்லுங்கள். பிரசவ அறையில் இருப்பவர்கள் உங்களை அன்றுதான் முதன்முறை பார்ப்பார்கள். வலிக்காமல் இரண்டு முழங்காலும் எவ்வளவு தூரம் விரியும் என்று முன்பே அளந்து குறித்தால், அதற்கு மேல் காலை இழுத்து விரிக்காமல் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பக்கமாகப் படுத்தோ, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றியோ பிள்ளை பெற முடியுமா என்று கேட்கலாம். கால்களைத் தூக்கி வைக்க நேர்ந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கச் சொல்லலாம். இதைக் கேட்பது அடங்காத்தனம் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு அநேகருக்கு வலி தானாகத் தணியும். சில மாதங்கள் கடந்தும் தணியாவிட்டால் மறுபடி பிசியோதெரபிக்குப் போக வேண்டும்.

வேலை செய்யும் பெண்களுக்குச் சட்டம் சில பாதுகாப்புகளைத் தந்திருக்கிறது. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்பவர்களுக்கு 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் உண்டு. கர்ப்பம் என்று அறிவித்த பின், பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதங்களில் தாய்க்கோ பிள்ளைக்கோ கேடு தரும் வேலையைக் கொடுக்கக் கூடாது என்கிறது அது. கர்ப்பத்தாலோ, அதனால் வந்த நோயாலோ வேலையிலிருந்து நீக்கவும் கூடாது. 12 கிழமை பிரசவ விடுமுறையில் 2 கிழமையைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். மூன்றாவது பிள்ளையிலிருந்து விடுமுறை பாதியாகக் குறையும் என்ற பழைய விதி 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போய்விட்டது. இன்னும் அதையே சொல்லி அனுப்புகிறவர்கள் இருப்பதால் இதை நினைவில் வையுங்கள். கடைகளிலும் ஒபிஸ்களிலும் வேலை செய்பவர்களுக்கு வேறு சட்டம், ஆனால் அதுவும் அதே ஆண்டு இதேபோலத் திருத்தப்பட்டது. அரசாங்க உத்தியோகத்தர்கள் ஐந்து மாதம் நிறைந்த பின் அரை மணி பிந்தி வரலாம், அரை மணி முந்திப் போகலாம்.

சட்டம் தானாக நடந்து வந்து, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நிற்காது. அறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும். சரிவில் நிற்பதும் பாரம் சுமப்பதும் கூடாது என்று டொக்டரிடம் எழுதி வாங்குங்கள். ஒரு பிரதியைத் தோட்ட ஒபிஸிலோ பல்லேகலைத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவிலோ கொடுத்து, பெற்றுக்கொண்டதாக மற்றப் பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்கி, அதைக் கர்ப்ப அட்டைக்குள் வையுங்கள். மறுத்தால் தொழிற்சங்கத் தலைவரிடம் போகலாம், கண்டித் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். அந்தக் கையெழுத்துத்தான் அங்கே உங்கள் சாட்சி.

மொழியும் உரிமைதான். 1987 இல் வந்த 13 ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அரச நிறுவனத்தில் தமிழில் பேசவும் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. கிடைக்காவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கும் பேசலாம். ஆனால் வலியோடு நிற்கும் நேரத்தில் முறைப்பாடு உதவாது. அப்போது விரலால் தொட்டுக் காட்டி "மெத்தன ரிதெனவா" என்று சொல்லுங்கள். இந்த இடத்தில் வலிக்கிறது என்று பொருள். யாருக்கும் விளங்கும்.

அவசரம் என்றால் 1990. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், நாடு முழுக்க ஓடுகிறது. லயம் வரை வண்டி வராத இடமென்றால் எந்தச் சந்தியில் நிற்பது, படிகளில் கதிரையோடு தூக்கி இறக்குவது யார் என்று ஒன்பதாம் மாதம் பிறக்கும் முன் பேசி வையுங்கள். எசல பெரஹெர நாட்களில் நகரத்து வீதிகள் மூடப்படும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மண்சரிவில் மலைப்பாதைகள் எப்படி அடைபட்டன என்பதையும் நாம் மறக்கவில்லை. மழை வலுத்தால் முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்குவது புத்தி.

மாமிமாருக்கும் கணவன்மாருக்கும் ஒரு வேண்டுகோள். "நாங்கள் பெறாத பிள்ளையா" என்று சொல்லாதீர்கள். தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். அடுத்த கிளினிக் நாளில் அவளோடு போங்கள். எங்கே வலிக்கிறது, எந்த அசைவில் வலிக்கிறது என்று அவள் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள். அது அட்டையில் எழுதப்பட்ட பிறகு வீட்டுக்குக் கூட்டிவாருங்கள்.