உப்பைக் குறைத்தால் சூப்பு சப்பென்று ஆகிவிடுமா?

சபாஷ் கண்ணு, கேட்டாயே ஒரு கேள்வி! "தாத்தாவுக்கு ரத்தக் கொதிப்பு. உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அவருக்குப் பிடித்த மாட்டுக்கறி சூப்பு இனிமேல் சப்பென்றுதான் இருக்குமா?"

இருக்காது. ஏன் என்று பார்க்கலாம், வா.

முதலில் உப்பைக் கவனிப்போம். சாப்பாட்டு உப்பில் சோடியமும் குளோரினும் சேர்ந்திருக்கின்றன. 100 கிராம் உப்பில் சோடியம் மட்டும் ஏறக்குறைய 40 கிராம். சோடியம் நமக்கு வேண்டியதுதான். அது இல்லாமல் நரம்பும் தசையும் வேலை செய்யாது. ஆனால் அதிகமானால் உடம்பு தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். ரத்தத்தின் அளவு கூடும். ரத்தக் குழாயின் சுவரில் அழுத்தம் ஏறும். தாத்தாவுக்கு வந்த தொல்லை இதுதான்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. சாம்பார், ஊறுகாய், அப்பளம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். உன்னைப் போன்ற சிறுவர்களுக்கு இன்னும் குறைவு. கடையில் வாங்கும் சூப்புப் பொடியிலும் சூப்புக் கட்டியிலும் உப்புதான் தாராளம். அதனால்தான் வீட்டிலேயே செய்யலாம் என்கிறேன்.

சரி, உப்பைக் குறைத்தால் ருசிக்கு எங்கே போவது? கறிக்குள்ளேயே இருக்கிறது. நாம்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

எலும்போடு சேர்ந்த கால் கறி அரைக் கிலோ வாங்கச் சொல். கழுவிய பிறகு ஈரம் போக நன்றாகத் துடைக்க வேண்டும். எதற்கு என்று யோசி. திறந்த சட்டியில் தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஈரம் போன பிறகுதான் அதற்கு மேல் ஏறும். 140 டிகிரி வாக்கில் கறியில் உள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் ஒன்றோடொன்று வேகமாகச் சேர ஆரம்பிக்கும். கறி பழுப்பாகும், வாசனை தெருவரைக்கும் போகும். இதை 1912இல் முதலில் விளக்கியவர் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. பரோட்டாவின் மேலே பழுப்புப் புள்ளிகள் விழுவதும் இதே வேலையால்தான்.

அதனால் துளி எண்ணெயில் கறியை நாலு பக்கமும் சிவக்க வதக்க வேண்டும். அவசரப்பட்டு உடனே தண்ணீர் ஊற்றினால் இந்த ருசி வராது. சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பையும் விடாதே. கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுரண்டினால் எல்லாம் சூப்புக்குள் வந்துவிடும்.

இதுவரை புரிந்ததா? நல்லது. அடுத்தது, சூப்பின் கெட்டித்தன்மை.

கால் கறியைக் கடித்தால் ஜவ்வு மாதிரி இழுக்கும் அல்லவா? அதில் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. மூன்று பிரியாக முறுக்கிய கயிறு போன்றது அது. நெடுநேரம் வேகும்போது முறுக்கு அவிழ்ந்து, பிரிகள் தனித்தனியாகத் தண்ணீரில் கரைந்துவிடும். அப்போது அதற்குப் பெயர் ஜெலட்டின். சூப்பு நாக்கில் வழவழப்பாக, நிறைவாகத் தங்குவது இதனால்தான். சட்டியில் மூன்று மணி நேரம் ஆகிற வேலை, குக்கரில் முக்கால் மணியில் முடியும். குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை ஏறுமே! எலும்பையே மெத்தென்று ஆக்கும் இப்படி ஒரு மூடிய பாத்திரத்தை டெனிஸ் பாப்பின் என்பவர் லண்டனில் 1679இலேயே செய்து காட்டிவிட்டார்.

இனி தக்காளி. 1908இல் ஜப்பானில் கிகுனே இகெடா என்ற பேராசிரியர் கடற்பாசி சூப்பை ஆராய்ந்தார். அதன் ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டுபிடித்தார். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்ற நாலோடு சேராத ஐந்தாவது சுவை அது. பழுத்த தக்காளியில் குளுட்டமேட் நிறைய உண்டு. அதிலும் விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பில்தான் அதிகம். விதையை எடுத்துவிட்டுச் சமைக்கிறவர்கள் நல்ல பாகத்தைக் குப்பையில் போடுகிறார்கள் என்பேன். கறியில் இனோசினேட் என்ற இன்னொரு ருசிப் பொருள் இருக்கிறது. இரண்டும் சேரும்போது ருசி வெறுமனே கூடுவதில்லை, பல மடங்காகப் பெருகுகிறது.

"அப்படியானால் அஜினமோட்டோ போடலாமா?" என்று கேட்பாய். அதிலும் சோடியம் இருக்கிறது, உப்பில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு. தக்காளி இருக்க அது எதற்கு?

மற்றதெல்லாம் உனக்குத் தெரிந்தவை. சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, தட்டிய மிளகு, சீரகம். பசி தாங்க வேண்டுமென்றால் ஒரு பிடி பருப்பும் இரண்டு கேரட்டும்.

உப்பை மட்டும் கடைசியில் போடச் சொல். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே இருக்கும். முதலிலேயே போட்டால் கடைசியில் கரித்துவிடும். ஆறு கோப்பை சூப்புக்கு அரைத் தேக்கரண்டி போதும். அது சுமார் 3 கிராம். ஒரு கோப்பைக்கு எவ்வளவு, கணக்குப் போடு பார்க்கலாம். அரைக் கிராம்! சரியாகச் சொன்னாய்.

இப்போது உனக்கு ஒரு சோதனை. ஒரே சூப்பை இரண்டு டம்ளரில் ஊற்று. ஒன்றில் மட்டும் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடு. எதில் உப்பு அதிகம் என்று வீட்டில் கேள். எலுமிச்சை விட்டதைக் காட்டுபவர்கள் இருப்பார்கள். புளிப்பு சேர்ந்தால் இருக்கிற உப்பே தூக்கலாகத் தெரியும்.

முதல் வாரம் தாத்தா முகம் சுளிக்கலாம். விட்டுவிடாதே. குறைந்த உப்புக்கு நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும். கடையில் பொட்டாசியம் கலந்த உப்பு கிடைக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து, டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். குக்கரைத் திறக்கும் வேலையை அம்மாவிடமோ அப்பாவிடமோ விட்டுவிடு. தக்காளி நறுக்குவதும் டம்ளர் சோதனையும் உன் பொறுப்பு.