தானாகப் பிரேக் போடும் கார்: நம்ம ஊர் ரோட்டில் எவ்வளவு நம்பலாம்?

"சார், மகன் புது கார் எடுத்திருக்கான். எதிரே எது வந்தாலும் அதுவே பிரேக் போட்டுக்கும், கோட்டை விட்டு விலகினா அதுவே திருப்பிக்கும்னு சொல்றான். நம்ம ரோட்டுல அதை நம்பி உட்காரலாமா?"

வத்திராயிருப்பு பக்கம் தென்னையில் வெள்ளை ஈ பற்றிய கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு விவசாயி கேட்ட கேள்வி இது. பூச்சிக்கும் நோய்க்கும் பதில் சொல்லிப் பழகியவன் நான். காரைப் பற்றிக் கேட்டால் வழக்கமாக ஒதுங்கிவிடுவேன். ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்புதான், இதே கேள்விக்கு ரோட்டிலேயே ஒரு பதில் கிடைத்திருந்தது.

அன்று மாலை என் தங்கை மகன் தன் புது காரில் என்னை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு அழைத்துப் போனான். ஊரைத் தாண்டுவதற்குள் ஒரு மொபட் குறுக்கே வந்தது. கார் 'பீப்' என்று கத்தி, அவன் கால் வைப்பதற்குள் லேசாகப் பிரேக் பிடித்தது. "பாத்தீங்களா மாமா!" என்றான். எனக்கும் ஆச்சரியம்தான்.

பாதி வழியில் இருட்டிவிட்டது. எதிரே ஒரு பஸ் முழு வெளிச்சத்தோடு வந்து கடந்தது. கண் கூசி, தெளிந்து பார்த்தால், முன்னால் கறுப்பாக ஏதோ நிற்கிறது. வைக்கோல் ஏற்றிய டிரெய்லர். பாதி உடம்பு தார் ரோட்டில். பின்னால் விளக்கும் இல்லை, மினுங்கும் பட்டையும் இல்லை. கார் ஒரு சத்தமும் போடவில்லை. நான் "டேய்!" என்று கத்தினேன். அவன் பிரேக்கை ஓங்கி மிதித்தான். இரண்டு முழ இடைவெளியில் கார் நின்றது.

இறங்கிப் பார்த்தால், டிரெய்லரின் மறுபக்கம் குத்தவைத்து, செல்போன் வெளிச்சத்தில் ஜாக்கி ஏற்றிக்கொண்டிருந்தார் ஒருவர். டயர் பஞ்சர். நிமிர்ந்து பார்த்து, "சார், நீங்களா?" என்றார். ரோட்டாவேட்டர் மானியத்துக்காக என் மேஜைக்கு நாலைந்து முறை வந்துபோன அண்ணாச்சி அவர்.

கார் எப்படிப் பார்க்கிறது?

இந்த வசதிகளை மொத்தமாக 'அடாஸ்' என்கிறார்கள். பெரும்பாலான கார்களில் இதற்கு இரண்டு புலன்கள். ஒன்று, முன் கண்ணாடியின் உள்பக்கம், நடுக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா. மற்றொன்று, முன் பம்பரிலோ கிரில்லிலோ ஒளிந்திருக்கும் ரேடார். சில கார்களில் கேமரா மட்டுமே உண்டு.

கேமராவுக்கு ஏராளமான படங்களைக் காட்டி, இது கார், இது பைக், இது ஆள் என்று பழக்கியிருக்கிறார்கள். பழக்கிய உருவத்தைச் சட்டென்று கண்டுகொள்ளும். நான்கு பக்கமும் பிதுங்கி நிற்கும் வைக்கோல் போர் அதற்குப் பழக்கமான உருவம் இல்லை. ரேடார் ஒரு அலையை அனுப்பி, அது எதிரில் உள்ள பொருளில் பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தையும் வேகத்தையும் கணக்கிடும். இரும்பில் பட்டால் அலை நன்றாகத் திரும்பும். வைக்கோலிலும் ஆட்டு மந்தையிலும் அவ்வளவு திரும்பாது. அதோடு, ரோட்டோரக் கைகாட்டி, பாலச் சுவர் என்று அசையாத பொருளுக்கெல்லாம் பிரேக் போட்டால் கார் ஓடவே முடியாது. அதனால் பல கார்களில் ஓடும் வண்டியைக் கண்டுகொள்வதுபோல, நிற்கும் பொருளை அவ்வளவு உறுதியாகக் கண்டுகொள்வதில்லை. நிற்கும் வண்டியும் விலங்குகளும் தெரியாமல் போகலாம் என்று காரோடு தரும் புத்தகத்திலேயே எச்சரிக்கை இருக்கும். நாம்தான் அதைப் பிரிப்பதில்லை.

டிராக்டரில் ஏற்கெனவே இருக்கிறது

இது நமக்கு முற்றிலும் புதிது என்று சொல்ல முடியாது. டிராக்டரில் டிராஃப்ட் கன்ட்ரோல் லீவர் இருக்கிறதே, அதுவும் ஓட்டுநருக்கு உதவிதான். கலப்பை இறுகிய மண்ணில் மாட்டி இழுவை கூடினால், ஹைட்ராலிக் தானாகக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். மண் இளகினால் இறக்கிவிடும். ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிய இந்த ஏற்பாடு 1936-லேயே டிராக்டரோடு விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் லீவர் இருக்கிறது என்று யாராவது வரப்பைப் பார்க்காமல் உழுவோமா? கிணற்று மேட்டை அது பார்க்காது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

காரிலும் அதே கணக்குதான். இன்று நம் நாட்டில் விற்கும் அடாஸ் கார்களில் அதிகபட்சம் இருப்பது 'இரண்டாம் நிலை' உதவி. ஸ்டீயரிங்கிலும் பிரேக்கிலும் கார் கை கொடுக்கும். ஆனால் கை ஸ்டீயரிங்கில், கண் ரோட்டில் என்று இருக்க வேண்டியவர் ஓட்டுநர். விபத்து நடந்தால் பொறுப்பும் அவருக்கே. 2021-ல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி 700-க்குப் பிறகுதான் இந்த வசதி நம் ஊர்ப் பக்கமும் பரவலாகப் பேசப்பட்டது. அந்த கார் உருவானது செங்கல்பட்டு அருகே உள்ள மஹிந்திரா ஆராய்ச்சி வளாகத்தில். அந்த நிறுவனத்தின் டிராக்டர்களுக்கும் அங்கேதான் வடிவமைப்பு வேலை நடக்கிறது.

எது எங்கே உதவும்?

தானாகப் பிடிக்கும் அவசர பிரேக்: பகலில், முன்னால் ஓடும் கார், பஸ், பைக் திடீரென்று நின்றால் நன்றாக உதவும். இருட்டு, மழை, தூசி, எதிர்வெயில் இவற்றில் தடுமாறும். மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும்போது, மலைக்குப் பின்னால் இறங்கும் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். நம் கண்ணுக்கு எப்படியோ, கேமராவுக்கும் அப்படித்தான்.

கோட்டுக்குள் வைத்திருக்கும் ஸ்டீயரிங்: வெள்ளைக் கோடு தெளிவாக இருக்கும் மதுரை நான்குவழிச் சாலைக்குச் சரி. கோடு அழிந்த ரோட்டில் வேலை செய்யாது. இண்டிகேட்டர் போடாமல் விலகினால் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் இழுக்கும். பள்ளத்துக்கு விலகும்போது அப்படி இழுத்தால் பயந்து வெட்டிவிடக் கூடாது. உறுதியாகப் பிடித்தால் நம் கைக்குத்தான் அது பணியும்.

இடைவெளி பார்த்து ஓடும் குரூஸ்: முன் வண்டியின் வேகத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்து ஓடும். நீண்ட பயணத்தில் கால் வலி மிச்சம். ஊருக்குள் அணைத்துவிடுங்கள். இடைவெளியில் ஒரு பைக் புகுந்தால் கார் சட்டென்று வேகம் குறைக்கும். பின்னால் வருகிறவர் அதை எதிர்பார்க்க மாட்டார்.

ஏ.பி.எஸ்.: 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புது கார்களிலும் கட்டாயம். ஆடிப்பூரத் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கட்டையைக் கொடுத்து, எடுத்து, மறுபடி கொடுத்துத்தான் தேரை நிறுத்துவார்கள். ஏ.பி.எஸ். அதையே ஒரு நொடியில் பலமுறை செய்கிறது. சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காது, ஸ்டீயரிங் நம் கையில் இருக்கும். அப்போது காலடியில் பிரேக் அதிரும். பயந்து காலை எடுக்காதீர்கள், மிதித்தபடியே இருங்கள். ஆனால் ரோட்டில் சரளையோ, காயப்போட்ட மக்காச்சோளமோ கிடந்தால், ஏ.பி.எஸ். இருந்தும் கார் நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும்.

ஒரு கணக்கு

80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். கண்ணில் பட்டு, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி. பிறகு காய்ந்த தார் ரோட்டில் நிற்க ஏறத்தாழ 35 மீட்டர். மொத்தம் 57 மீட்டர். டிம் லைட்டில், விளக்கில்லாத டிரெய்லர் நம் கண்ணில் படுவதே சுமார் 40, 50 மீட்டரில்தான். அதே 60 கி.மீ. வேகம் என்றால் 37 மீட்டரில் நின்றுவிடலாம். அன்று நாங்கள் பிழைத்தது அவன் 60-ஐத் தாண்டாமல் ஓட்டியதால்தான்.

கார் வைத்திருப்பவர் செய்ய வேண்டியது

- தோட்டத்துப் பாதையில் போய்வந்தால் முன் கண்ணாடியின் நடுப்பகுதியையும் பம்பரையும் துடையுங்கள். சேறு படிந்தால் கேமராவுக்கும் ரேடாருக்கும் கண் தெரியாது.
- கேமராவை மறைத்து சாமி ஸ்டிக்கர், ஃபாஸ்டாக் ஒட்டாதீர்கள்.
- முன்னால் இரும்பு கார்டு மாட்டாதீர்கள். 2017 இறுதியிலேயே மத்திய அரசு அதற்குத் தடை சொல்லிவிட்டது. ரேடாரையும் அது மறைக்கும்.
- முன் கண்ணாடி மாற்றினால், கேமராவை மறுபடி அளவு சரிபார்த்துத் தரச் சொல்லுங்கள்.

டிராக்டர் வைத்திருப்பவர் செய்ய வேண்டியது

இந்தப் பகுதியை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கார் ஓட்டுகிறவரைவிட, ரோட்டோரம் குனிந்து டயர் மாற்றுகிறவர்தான் நம் வாசகர்.

- டிரெய்லரின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. அதோடு பின்பக்கம் முழு அகலத்துக்கும் சிவப்புப் பட்டை, பக்கவாட்டில் மஞ்சள் பட்டை ஒட்டுங்கள். ஒரு மூட்டை டி.ஏ.பி. விலைகூட ஆகாது.
- வைக்கோல், கரும்பு ஏற்றினால் லோடு பட்டையை மறைத்துவிடும். ஒரு பலகையில் பட்டை ஒட்டி, லோடுக்கு வெளியே கட்டித் தொங்கவிடுங்கள்.
- பழுதாகி நின்றால், முதல் வேலையாக வண்டியை மண்ணில் இறக்கப் பாருங்கள். முடியாவிட்டால் டயரில் கை வைக்குமுன், ஐம்பது அறுபது தப்படி பின்னால் ஒருவரை டார்ச்சோடு நிறுத்துங்கள்.
- தானியத்தை ரோட்டில் காயப்போடாதீர்கள். ஓரத்தில் அடுக்கும் கல்லை இரவில் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

முப்பது வருடமாக எத்தனையோ கூட்டங்களில் கருவிகளுக்கு மானியம் பற்றிப் பேசியிருக்கிறேன். டிரெய்லருக்குப் பின்னால் ஒட்டும் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் பேசுகிறேன். அந்த அண்ணாச்சி பத்து நாள் கழித்து அலுவலகத்துக்கு வந்தார். டிரெய்லரை வாசலில் நிறுத்திவிட்டு, "வெளிய வந்து பாருங்க சார்" என்றார். பின்பலகை முழுக்கச் சிவப்புப் பட்டை. பட்டப்பகலில் அது மினுங்குமா என்ன? ஆனாலும் இருவரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தோம்.

வாசகர் கேள்விகள்

அடாஸ் உள்ள மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

முதலில் ஏர்பேக், வண்டி சறுக்காமல் காக்கும் இ.எஸ்.சி., பின்சீட்டிலும் முழு பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 அக்டோபர் 1 முதல் 'பாரத் என்கேப்' சோதனையில் கார்களுக்கு நட்சத்திரம் தருகிறார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். இத்தனையும் இருந்து, அடிக்கடி நான்குவழிச் சாலையில் போகிறவர் என்றால் அடாஸுக்குக் கொடுப்பது வீண் இல்லை. தோட்டத்துக்கும் சந்தைக்கும் மட்டும் என்றால் அவசரம் இல்லை.

களத்தில் ரிவர்ஸ் எடுக்கப் பின் சென்சார் போதுமா?

போதாது. 2019 ஜூலை முதல் புது கார்களில் அது கட்டாயம்தான். ஆனால் தரையோடு உட்கார்ந்து விளையாடும் குழந்தை, மெல்லிய கம்பி, கல் ஆகியவை அதற்குத் தப்பிவிடலாம். வீட்டில் ஒருவர் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஓட்டுநர் கண்ணில் படும்படி நின்ற பிறகே வண்டியை எடுங்கள்.

எங்களிடம் பைக் மட்டும்தான். இதில் எங்களுக்கு என்ன?

2019 ஏப்ரல் முதல் புது பைக்குகளிலும் உதவி உண்டு. 125 சி.சி.க்கு மேல் ஏ.பி.எஸ்., அதற்குக் கீழே பின்பிரேக்கைப் பிடித்தால் முன்பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு. இரண்டும் ஹெல்மெட்டுக்கு மாற்று ஆகாது. விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வத்திராயிருப்பு வாசகருக்கு என் பதில் இதுதான்: காரில் தாராளமாக உட்காருங்கள். ஆனால் முன்சீட்டில் உட்கார்ந்து, நீங்களும் ரோட்டைப் பாருங்கள். மகன் 60-ஐத் தாண்டினால் இருட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.