கருவிழிப் புண்: தென்னாட்டு ஆராய்ச்சிகள் காட்டும் உண்மைகள்

திருவனந்தபுரம் நகரில் கிழக்கேகோட்டை வாயிலுக்கு எதிரே தொடங்கி, கிழக்கு நோக்கி நீண்டு செல்லும் கடைத்தெருவுக்குச் 'சாலை' என்றே பெயர். திருவிதாங்கூர் அரசு இருந்த நாளில் நாஞ்சில் நாட்டு நெல்லும் காய்கறிகளும் வண்டி வண்டியாக வந்து இறங்கிய இடம் அது. 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்துடன் இணைந்துவிட்ட போதிலும், இரு பகுதிகளுக்கும் இடையே உள்ள வாணிபமும் உறவும் நின்றுவிடவில்லை. கடைத்தெருவில் அரிவாள் வாங்கும் உழவன் அது கையை வெட்டக்கூடியது என்பதை நன்கு அறிவான். அவ்வரிவாளால் அவன் அறுக்கப் போகும் நெல்தாளின் நுனி கண்ணைக் கெடுக்கக்கூடியது என்பதை அவன் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. நெல்தாளும், தென்னை ஓலையும், உமியும், கரும்புத் தோகையும் கண்ணில் உண்டாக்கும் சிறு கீறலையும், அக்கீறல் பார்வையையே பறிக்கும் புண்ணாக மாறும் விதத்தையும், அது குறித்துத் தமிழ்நாட்டில் நடைபெற்ற மருத்துவ ஆராய்ச்சிகளையும் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் நலம்.

கண்ணின் முன்புறத்தில் கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல் அமைந்துள்ள படலத்திற்குக் கார்னியா என்று பெயர். அதைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்பது மொழிபெயர்ப்பாளனுக்கு ஓர் இடர்ப்பாடு. சில கலைச்சொல் பட்டியல்கள் அதனை 'விழிவெண்படலம்' என்கின்றன. மக்கள் 'கருவிழி' என்கின்றனர். உண்மையில் அப்படலம் வெண்மையும் அன்று, கருமையும் அன்று, நிறமே இல்லாதது. நாம் காணும் கருமை அதற்குப் பின்னால் உள்ள வேறொரு திரையின் நிறமாகும். எனினும் மக்கள் வழக்கையே மேற்கொண்டு இங்குக் கருவிழி என்றே குறிப்பிடுகிறோம். நடுப்பகுதியில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உள்ள இப்படலத்தில் இரத்தக் குழாய்கள் கிடையா. அதனாலேயே அது ஒளி ஊடுருவும் தெளிவுடன் விளங்குகிறது. அதே காரணத்தால், நோய்க்கிருமிகள் உள்ளே புகுந்துவிட்டால் அவற்றை எதிர்க்கும் இரத்த அணுக்கள் அங்கு விரைந்து சென்று சேர்வதும் எளிதன்று.

கருவிழியின் மேல்தோல் கிருமிகளைத் தடுக்கும் உறுதியான அரணாகும். அதில் ஒரு கீறல் விழுந்தால், சாதாரணமாக ஓரிரு நாட்களில் தானே மூடிக்கொள்ளும். அதற்குள் கிருமி புகுந்து வேரூன்றினால் புண் உண்டாகிறது. புண் ஆறினாலும் அவ்விடத்தில் வெண்மையான தழும்பு நிலைத்துவிடும். இதையே நம் நாட்டார் 'கண்ணில் பூ விழுந்தது' என்பர். நம் ஊர்ப்புறங்களில் ஒரு கண்ணில் பூ விழுந்த முதியவர் ஒருவரையேனும் காணாதவர் அரியர். அவரைக் கேட்டால், 'அறுப்புக் காலத்தில் தூசி விழுந்தது' என்று மிகச் சுருக்கமாகக் கூறி முடித்துவிடுவார். அந்தச் சுருக்கமான விடையில் ஒரு பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை அடங்கியிருக்கிறது.

அப்பிரச்சினையின் அளவை முதலில் கணக்கிட்டுக் காட்டியவர்கள் மதுரை ஆராய்ச்சியாளர்கள். 1976 ஆம் ஆண்டில் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களால் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கப்பெற்ற அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் மு. சீனிவாசனும், அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அறிஞர்களும் இவ்வாராய்ச்சியில் கூட்டாக ஈடுபட்டனர். 1993 ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தில் ஒரு லட்சம் பேருக்கு 113 பேர் வீதம் கருவிழிப் புண்ணுக்கு ஆளாயினர் என்று மதிப்பிடப்பட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து மாவட்டம் ஒன்றில் 1980களில் கணக்கிடப்பட்ட வீதம் ஒரு லட்சத்துக்கு 11 மட்டுமே. அடுத்து, 1994 ஜனவரி முதல் மார்ச் முடிய மூன்றே மாதங்களில் அம்மருத்துவமனைக்கு வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகள் ஆராயப்பட்டனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் உழவுத் தொழிலாளர். நூற்றுக்கு 65 பேர் அண்மையில் கண்ணில் அடிபட்டதாகக் கூறினர். கிருமியை வளர்த்துக் காண முடிந்தவர்களில், பாக்டீரியா மட்டும் காணப்பட்டோர் நூற்றுக்கு 47. பூசணம் மட்டும் காணப்பட்டோரும் ஏறத்தாழ அதே அளவினர். குளிர் நாடுகளின் பாடநூல்களில் அரிய நோயாக ஒரு பத்தியில் முடிந்துவிடும் பூசணப் புண், இங்குப் பாதிப் பங்கைப் பெற்றிருந்தது!

ஊசிப்போன சோற்றிலும், ஈரமான வைக்கோலிலும் படரும் பூசணத்தின் இனத்தவையே கண்ணிலும் படர்கின்றன. 1879 ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் தியோடர் லேபர் முதன்முதலாக இந்நோயை விவரித்தார். அந்த நோயாளியும் கதிரடிக்கும்போது ஓட்ஸ் தானியத்தின் உமி கண்ணில் பட்ட ஓர் உழவரே. மதுரை ஆய்வில் மிகுதியாகக் காணப்பட்டது பியூசேரியம் என்னும் மண்வாழ் பூசணம், அடுத்தது ஆஸ்பெர்ஜில்லஸ். இவை நூல்போல் நீண்டு, படலங்களை ஊடுருவி, கண்ணின் உட்புறம் வரை செல்ல வல்லவை. பாக்டீரியாப் புண்ணும் பூசணப் புண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றலாம். அனுபவம் மிக்க வைத்தியரும் கண்ணால் மட்டும் பார்த்துத் தவறாமல் வேறுபடுத்திவிட முடியாது. ஆயினும் சோதனை எளிது. மரத்துப்போகும் சொட்டு மருந்திட்டு, புண்ணின் விளிம்பைச் சிறிது சுரண்டி எடுத்து, கண்ணாடிச் சில்லில் தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு துளி விட்டு நுண்நோக்கியில் பார்த்தால், பூசண இழைகள் சில நிமிடங்களிலேயே தென்படும். மாவட்ட மருத்துவமனைகளில் செய்யத்தக்க இச்சோதனைக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை.

பூசணம் என்று தெரிந்த பின் எம்மருந்தை இடுவது? இக்கேள்விக்கு நெடுங்காலம் உறுதியான விடை இல்லாதிருந்தது. நாட்டமைசின் என்னும் மருந்து 1950களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணத்து மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பிறந்த மண்ணின் பெயரையே அது தாங்கியுள்ளது. அது நீரில் நன்கு கரைவதில்லை, பாற்குழம்புபோல் இருக்கும், கருவிழிக்குள் ஆழமாக இறங்குவதில்லை என்பது அதன் குறை. பின்னர் வந்த வோரிகொனசோல் எளிதில் உள்ளே ஊடுருவுவது; ஆய்வுக்கூடத்தில் பல பூசணங்களையும் அடக்குவது; விலை உயர்ந்தது. எனவே புதியதே சிறந்தது என்ற அபிப்பிராயம் வைத்தியரிடையே பரவிற்று.

இதைத் தீர்த்து வைத்தது மதுரை, புதுச்சேரி, கோயம்புத்தூர் ஆகிய இடங்களில் டாக்டர் ந. வெங்கடேஷ் பிரஜ்ஞாவும் அவருடைய கூட்டாளிகளும் நடத்திய சோதனையாகும். பூசணப் புண் கொண்ட 323 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். யாருக்கு எம்மருந்து என்பது திருவுளச்சீட்டுப் போன்ற முறையில் தீர்மானிக்கப்பட்டது. மூன்று மாதங்களுக்குப் பின் பார்வையை அளந்தபோது, பழைய மருந்தாகிய நாட்டமைசின் பெற்றவர்களே மேம்பட்டிருந்தனர். பியூசேரியம் புண்ணில் இவ்வேறுபாடு மிகுதி. பார்வைப் பலகையில் ஏறத்தாழ நான்கு வரிகள். நான்கு வரிகள் என்பது சிறிய அளவன்று. பேருந்தின் பெயர்ப் பலகையைத் தானே படிப்பவனுக்கும், பக்கத்தில் நிற்பவரைக் கேட்டு ஏறுபவனுக்கும் உள்ள வேறுபாட்டை அது உண்டாக்கலாம். கருவிழியில் ஓட்டை விழுந்து அவசர அறுவைக்கு உள்ளானவர்களும் வோரிகொனசோல் பிரிவிலேயே அதிகம். இச்சோதனையின் முடிவு 2013 இல் வெளியாயிற்று. 2017 இல் உலகச் சுகாதார நிறுவனம் தன்னுடைய இன்றியமையா மருந்துப் பட்டியலில் நாட்டமைசினைச் சேர்த்துக்கொண்டது. பழையதென்று ஒதுக்க இருந்த மருந்தை, நம் நாட்டு உழவர்களின் கண்களே மீண்டும் உலகுக்குப் பரிந்துரைத்தன எனலாம்.

தொடர்ந்து நடந்த சோதனைகள் அத்துணை மகிழ்ச்சி தரவில்லை. கடுமையான பூசணப் புண் உடைய 240 பேரில் ஒரு சாராருக்குச் சொட்டு மருந்துடன் வோரிகொனசோல் மாத்திரையும், மறு சாராருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் தரப்பட்டன. மாத்திரையால் குறிப்பிடத்தக்க நன்மை விளையவில்லை என்பது 2016 இல் தெரிய வந்தது. ரைபோபிளேவின் சத்தையும் புற ஊதாக் கதிரையும் கொண்டு செய்யும் புதிய சிகிச்சையும் பூசணப் புண்ணுக்கு உதவவில்லை என 2020 இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய 'இல்லை' என்னும் விடைகளைப் பெறுவதற்கும் நூற்றுக்கணக்கான நோயாளிகளின் ஒத்துழைப்பு தேவைப்பட்டது. வீண் செலவிலிருந்து பின்வருவோரைக் காப்பதால் அவையும் பயனுடையனவே.

ஸ்டீராய்டு வகைச் சொட்டு மருந்தைப் பற்றித் தனியே கூற வேண்டும். அது கண்ணின் சிவப்பையும் வலியையும் விரைவில் தணிக்கும். பாக்டீரியாப் புண்ணில் தழும்பைக் குறைக்க அது உதவுமா என்பதை அறிய 500 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2012 இல் வெளியாயிற்று. அனைவருக்கும் முதலில் 48 மணி நேரம் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து இட்டு, பின்னரே ஸ்டீராய்டு அல்லது போலிச் சொட்டு தரப்பட்டது. மொத்தத்தில் பார்வையில் வேறுபாடு இல்லை. தொடக்கத்திலேயே பார்வை மிக மங்கியிருந்தவர்களுக்கு மட்டும் சிறிது நன்மை தென்பட்டது. நோகார்டியா என்னும் கிருமியால் வந்த புண்ணில் தழும்பு பெரிதாயிற்று. கிருமி இன்னதென அறிந்து, அதற்குரிய மருந்தும் தொடங்கப்பட்டு, வைத்தியரின் மேற்பார்வையில் இருந்தவர்களுக்கே இந்நிலை. பூசணப் புண்ணில் தனியே ஸ்டீராய்டு இடுவது எரியும் கூரையின்மேல் வைக்கோலை இடுவதை ஒக்கும். ஆயினும் 'கண் சிவந்திருக்கிறது' என்று கேட்பவருக்கு மருந்துக் கடையில் எடுத்துக் கொடுக்கப்படும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்தவையும் உண்டு. இரண்டு நாள் சுகம் கண்டு, மூன்றாம் வாரத்தில் மருத்துவமனைக்கு வருவோரின் வரலாறு பெரும்பாலும் இதுவே.

எல்லாம் பயனற்றுப்போனால் எஞ்சுவது மாற்றுக் கருவிழி பொருத்துதல். 1905 டிசம்பர் 7 ஆம் நாள், இன்றைய செக் நாட்டு ஓலோமௌத்ஸ் நகரில் எட்வர்ட் சிர்ம் இதனை முதன்முதலில் வெற்றியுடன் செய்தார். அந்நோயாளி சுண்ணாம்பால் கண்களை இழந்தவர். நம் நாட்டின் முதல் கண் வங்கி 1945 இல் சென்னை எழும்பூர் அரசினர் கண் மருத்துவமனையில் டாக்டர் ரா. ஏ. சு. முத்தையாவின் முயற்சியால் ஏற்பட்டது. எனினும் கிருமி குடியிருக்கும் கண்ணில் பொருத்திய கருவிழி, ஆறிய தழும்புள்ள கண்ணில் பொருத்தியதைப் போல் தெளிவாக நிலைப்பது அரிது.

ஆகவே புண் உண்டாகாமல் தடுக்க இயலுமா என்ற கேள்வி எழுந்தது. நேபாளத்தின் பக்தபூர் மாவட்டத்தில் டாக்டர் மதன் உபாத்தியாயா குழுவினர் ஏறத்தாழ 35,000 மக்களிடையே கிராமப் பணியாளர்களைப் பயிற்றி அமர்த்தினர். பச்சை மஞ்சளாக ஒளிரும் சாயத்தாளும் நீல ஒளி விளக்கும் கொண்டு கீறலைக் கண்டறிவதும், நாளொன்றுக்கு மூன்று முறையாக மூன்று நாட்கள் குளோராம்பெனிகால் களிம்பு இடுவதுமே அவர்கள் பணி. 442 பேருக்கு இவ்வாறு சிகிச்சை தரப்பட்டது. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் உண்டாகவில்லை. 18 முதல் 24 மணிக்குள் வந்த 109 பேரில் நால்வருக்கும், 24 முதல் 48 மணிக்குள் வந்த 49 பேரில் பதினால்வருக்கும் புண் உண்டாயிற்று. காலை ஆறு மணிக்கு வயலில் அடிபட்டவனுக்கு அன்று நள்ளிரவோடு அந்த 18 மணி நேரம் முடிந்துவிடுகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 2001 இல் இம்முடிவு வெளியான பின், மதுரை மாவட்டக் கிராமங்களிலும் பூசணக் கொல்லிக் களிம்பையும் சேர்த்து இம்முறை மேற்கொள்ளப்பட்டது; அங்கும் கீறல்களில் மிகப் பெரும்பான்மை கேடின்றி ஆறின.

ஆனால் இதைக் கொண்டு பிரச்சினை தீர்ந்துவிட்டதென எண்ணலாகாது. இதே முறை நேபாளத்தில் மேலும் பெரிய அளவில், பணியாளர் உள்ள ஊர்களையும் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. 2022 இல் வெளியான முடிவின்படி இருவகை ஊர்களிலும் புண்ணின் வீதம் வேறுபடவில்லை. இம்முடிவு முந்தியதற்கு முற்றிலும் மாறானதென்று கூறுவதற்கில்லை. களிம்பைப் பெற்றவருடைய கீறல் ஆறுவது ஒன்று. கீறல் பட்ட ஒவ்வொருவரும் உரிய நேரத்தில் பணியாளரைத் தேடி வருவது மற்றொன்று. கண்ணில் நெல்நுனி பட்ட பெண், கூலியை விட்டுவிட்டு நண்பகலில் எழுந்து வர இயலுமா என்பதை எந்தக் களிம்பும் தீர்மானிப்பதில்லை. இவ்விடத்தில்தான் களப்பணியாளரின் ஊர்ப்பழக்கம் பயன்படக்கூடும்.

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ அறுவடை ஆவணி, புரட்டாசியிலும், கும்பப்பூ அறுவடை மாசி, பங்குனியிலும் நடைபெறும். அவ்வமயம் களத்துமேட்டில் விசாரித்தால், கண் உறுத்தலுடன் வேலை செய்வோர் தாமே வெளிப்படுவர். அவர்களிடம் கூறத்தக்கவை சில: சுத்தமான நீரால் கழுவலாம், கசக்கக் கூடாது. நாக்கால் தூசி எடுத்தல், தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு ஆகியவற்றை விடுதல் கூடாது. பிறருக்கு எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தையும் இடலாகாது. கண் கூசினாலோ, நீர் வடிந்தாலோ, வெள்ளைப் புள்ளி தென்பட்டாலோ அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். களிம்பு கொடுப்பது மருத்துவ அதிகாரியின் அனுமதி பெற்றே நடைபெறத்தக்கது.

பள்ளி ஆசிரியர்கள் சுண்ணாம்பைப் பற்றியும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். வெற்றிலைக்கு உபயோகிக்கும் சுண்ணாம்புப் பொட்டலத்தையோ சிமிழையோ குழந்தை விளையாட்டாக அமுக்கும்போது அது பீறிட்டுக் கண்ணில் விழுவதுண்டு. இங்கு 18 மணி நேரம் என்ற அவகாசம் இல்லை; சுண்ணாம்பின் காரம் நிமிடங்களிலேயே கருவிழியை வெந்துபோகச் செய்கிறது. குழந்தை அழுதாலும் இமைகளை விரித்துப் பிடித்து, கிடைத்த சுத்தமான நீரை இடைவிடாது அரைமணி நேரம் ஊற்ற வேண்டும். இமைக்கடியில் ஒட்டியிருக்கும் துகளை ஈரத் துணியின் நுனியால் எடுத்துவிட வேண்டும். அதன் பின்னரே மருத்துவமனைக்கு வண்டி தேடலாம்.