மைக்கா எங்கிருந்து வருகிறது? கேளுங்கள்!

ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி மாவட்டக் காடுகளில் மைக்கா என்ற மின்னும் கனிமத்தின் கைவிடப்பட்ட சுரங்கங்கள் ஏராளம். 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலை மட்டும் நிற்கவில்லை. தாங்கும் தூண் எதுவும் இல்லாத குறுகலான குழிகளுக்குள் பிள்ளைகள் சுத்தியலோடு இறங்குகிறார்கள். இன்னும் சிறியவர்கள் மேலே உட்கார்ந்து மண்ணைச் சலித்து, மின்னும் சில்லுகளைப் பொறுக்குகிறார்கள். 'டிப்ரா' என்று அங்கே சொல்லப்படும் அந்தச் சில்லுதான் உதட்டுச் சாயத்துக்கும் கார் பெயின்டுக்கும் பளபளப்பு தருகிறது.

ஆபத்து என்ன?

2016-ல் இரண்டே மாதங்களில் 7 குழந்தைகள் இந்தச் சுரங்கங்களில் இறந்ததை தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் புலனாய்வு வெளிக்கொண்டுவந்தது. சுரங்கமே சட்டவிரோதம் என்பதால் சாவைக்கூட வெளியே சொல்லப் பயம். உயிர் தப்பினாலும், தூசு நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் வரலாம். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 18 வயது நிரம்பாத யாரையும் சுரங்க வேலையில் ஈடுபடுத்தக் கூடாது. 'குடும்பத்தோடுதானே செய்கிறார்கள்' என்ற சாக்கு இங்கே செல்லாது. குடும்பத் தொழிலுக்கான விலக்கு ஆபத்தான வேலைகளுக்குப் பொருந்தாது. மீறும் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீட்கப்படும் குழந்தையின் மறுவாழ்வு நிதிக்கு அந்த அபராதத்தோடு அரசும் 15,000 ரூபாய் செலுத்த வேண்டும்.

நிறுவனத்தின் பொறுப்பு

டிப்ரா உள்ளூர் வியாபாரி, ஏற்றுமதியாளர், வெளிநாட்டு நிறமி ஆலை என்று கைமாறும்போது உரிமம் பெற்ற சுரங்கத்தின் சரக்கோடு கலந்துவிடுகிறது. ரசீதில் குறை இருக்காது. அதனால் ரசீதைக் காட்டிக் கைகழுவ முடியாது. தனக்குச் சரக்குத் தருபவர்களிடம் நடக்கும் உரிமை மீறலையும் நிறுவனம் கண்டறிந்து தடுக்க வேண்டும் என்கின்றன 2011-ல் ஐ.நா. ஏற்ற வழிகாட்டு நெறிகள். அதற்காகக் கொள்முதலை ஒரேயடியாக நிறுத்தினால் ஏழைக் குடும்பத்தின் அடுப்புதான் அணையும். பெரியவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலை, பாதுகாப்பான சுரங்கம், பிள்ளைக்குப் பள்ளி: இந்த மூன்றுக்கும் நிறுவனம் பணம் ஒதுக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

• எந்த ஊரிலும் குழந்தை வேலை செய்வதைக் கண்டால் 1098-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம்.

• மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் 'பென்சில்' இணையதளத்திலும் புகார் தரலாம்.

• வாங்கும் அழகுசாதனப் பொருளில் உள்ள மைக்கா எந்தச் சுரங்கத்தைச் சேர்ந்தது, யார் சோதித்தார்கள் என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு பொருளுக்கு மாறுங்கள். ஏன் மாறினீர்கள் என்பதையும் அவர்களுக்கே எழுதுங்கள்.