ஓடம் வண்டியில ஏறும்... எந்த வண்டியில?

'ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்'னு பழமொழி சொன்ன நம்ம தாத்தாக்கள், அந்த வண்டி செகண்ட் ஹேண்டா இருந்தா என்னென்ன செக் பண்ணணும்னு மட்டும் சொல்லாமப் போயிட்டாங்க!

அந்தக் கேள்வி எனக்கு வந்தது ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி. அமெரிக்காவுல, மிச்சிகன்ல இருக்கிற பெரியம்மா பையன் வீடியோ கால்ல வந்தார். ''டேய், ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரோட பங்கு போட்டு 18 அடி மீன்பிடி படகு ஒண்ணு வாங்கிட்டோம். வருஷத்துக்கு எட்டு, பத்து தடவை ஏரிக்கு இழுத்துட்டுப் போகணும். பழைய பிக்கப் டிரக் ஒண்ணு பாத்திருக்கேன். ஒன்பதாயிரம் டாலர். நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, எது பாத்து வாங்கணும்?''

மிச்சிகன்ல மட்டும் 11,000-க்கும் மேல உள்நாட்டு ஏரிங்க. போதாததுக்கு சுத்தி கிரேட் லேக்ஸ். நம்மூர்ல வாசல்ல பைக் நிக்கிற மாதிரி அங்கே டிரெய்லர்ல படகு நிக்கும்.

நான் கெத்தா சொன்னேன். ''ஹார்ஸ் பவர் ஜாஸ்தியா இருக்கிறதா பாத்து வாங்குங்கண்ணே!''

மறுநாள் ஒர்க் ஷாப்ல எங்க இன்ஸ்ட்ரக்டர்கிட்ட இதைப் பெருமையா சொன்னப்ப, அவர் லேத்தை நிறுத்தாமலே ஒரு கேள்வி கேட்டார். ''இழுக்கிறது இருக்கட்டும்டா... நிறுத்துறது?''

அவ்வளவுதான். அன்னிலேர்ந்து ஒரு வாரம் அதே படிப்பு. நாளைக்கு நீங்களும் எம்.எஸ்., வேலைன்னு கிளம்பி, ஏதோ ஒரு ஏரிக்கரை ஊர்ல போய் இறங்கலாம். படிச்சு வெச்சுக்குங்க பாஸ்!

முதல்ல கூட்டல் கணக்கு

படகு கம்பெனி புத்தகத்துல 'எடை 2,000 பவுண்டு'ன்னு போட்டிருந்தது. ''3,500 பவுண்டு இழுக்கிற சின்ன டிரக்கே போதுமே''ன்னார் அண்ணன். நானும் தலையாட்டினேன். ஆனா, அது வெறும் படகு! மேல வரிசையா ஏத்துங்க...

வெறும் படகு 2,000. பின்னால மாட்டுற 115 ஹெச்.பி. மோட்டார் 370. டிரெய்லர் 700. 25 கேலன் பெட்ரோல், கேலனுக்கு ஆறு பவுண்டு வெச்சா 150. பேட்டரி, நங்கூரம், லைஃப் ஜாக்கெட், ஐஸ் பெட்டி, தூண்டில் சாமான் எல்லாம் சேர்ந்து 300. மொத்தம் 3,520 பவுண்டு. நம்ம கணக்குல கிட்டத்தட்ட 1,600 கிலோ. 3,500 டிரக் முதல் ரவுண்டுலயே அவுட்!

சொன்ன எல்லையைத் தொட்டுக்கிட்டு இழுக்கிறதும் புத்திசாலித்தனம் இல்லை. பழைய வண்டிக்கு மூச்சு விட இடம் வேணும். நம்ம 3,520-க்கு, குறைஞ்சது 5,000 பவுண்டு இழுக்கிற வண்டியா பாக்கிறது நிம்மதி.

ஒரே பேரு, ரெண்டு பலம்

'இந்த மாடல் 6,500 பவுண்டு இழுக்கும்'னு விக்கிறவர் சொன்னா அப்படியே நம்பிடாதீங்க. 2005-லேர்ந்து 2015 வரை வந்த டொயோட்டா டகோமாவை எடுத்துக்குங்க. நாலு சிலிண்டர் வண்டின்னா 3,500. ஆறு சிலிண்டர்னா, டோ பேக்கேஜ் இருந்தா சுமார் 6,500. அது இல்லாட்டி இதுவும் 3,500தான்! வெளியில இருந்து பாத்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். டோ பேக்கேஜ்ங்கிறது வெறும் கொக்கி இல்லை. கியர்பாக்ஸ் ஆயிலுக்குத் தனி கூலர், டிரெய்லர் லைட்டுக்கான ஒயரிங்னு உள்ளுக்குள்ள நிறைய சேர்ந்ததுதான்.

இன்னொரு சங்கதி. பாஹா வண்டி கட்டுற பசங்களுக்கு எஸ்.ஏ.இ. தெரியும். அவங்க போட்ட ஜே2807-ங்கிற விதிதான் இழுவை எண்ணை எப்படி டெஸ்ட் பண்ணணும்னு சொல்லுது. அரிசோனாவுல டேவிஸ் டேம் பக்கம் ஒரு நீளமான மலை ஏத்தம். ஏ.சி.யைப் போட்டுக்கிட்டே, முழு லோடோட, குறிப்பிட்ட வேகம் குறையாம அதுல ஏறணும். டொயோட்டா 2011 மாடல்கள்லயே இதை ஏத்துக்கிச்சு. மத்த பெரிய கம்பெனிகள் சில வருஷம் கழிச்சுத்தான் வந்தாங்க. அதுக்கு முன்னாடி அவங்கவங்க டெஸ்ட், அவங்கவங்க மார்க்! அதனால ரொம்பப் பழைய டிரக்குகளோட எண்களை வெச்சு இதுவா அதுவான்னு ஒப்பிடுறது, வேற வேற யூனிவர்சிட்டி மார்க்கை ஒப்பிடுற மாதிரி.

கதவோரம் ஒரு ஸ்டிக்கர்

டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆளும் சாமானும் சேர்ந்து எவ்வளவு ஏத்தலாம்னு அதுல போட்டிருக்கும். அதான் பே லோட். டிரெய்லரோட மூக்கு, கொக்கி மேல அழுத்துற எடையும் இந்தக் கணக்குலதான் சேரும்.

பொதுவா மொத்த எடையில 10 சதவிகிதம் மூக்குல இருக்கிறது நல்லது (படகு டிரெய்லர்ல கொஞ்சம் குறையலாம்). நமக்கு 350 பவுண்டு. அண்ணன், அண்ணி, ரெண்டு குழந்தைங்க, பின்னால கூலர், டென்ட் எல்லாம் சேர்த்தா 1,000 பவுண்டு சாதாரணமா வந்துரும். இழுக்க முடியும், சுமக்க முடியாதுங்கிற வண்டிங்களும் உண்டு!

மூக்குல எடை ரொம்பக் கம்மியா இருந்தாலும் வம்பு. ஹைவேல டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் டிரக்கையே திருப்பிப் போட்டுரும்.

கொக்கி விஷயத்துல விளையாடவே கூடாது. ரிசீவர், அதுல சொருகுற கம்பி, மேல இருக்கிற பந்து... ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி எடை எல்லை. எது கம்மியோ அதான் உங்க எல்லை. பந்து சைஸும் முக்கியம். 2 இன்ச் கப்ளரை 1 7/8 இன்ச் பந்து மேல வெச்சா உக்காந்த மாதிரியே இருக்கும். ஆனா, பெரிய பள்ளத்துல குதிச்சா கழண்டுக்கும்.

சரி, நிறுத்துறது?

இப்போ இன்ஸ்ட்ரக்டர் கேள்விக்கு வருவோம். டிரக் 5,000 பவுண்டு. படகோட சேர்ந்தா 8,500. அதே வேகத்துல 1.7 மடங்கு இயக்க ஆற்றல். 50 மைல் வேகத்துலேர்ந்து 70-க்குப் போனா இன்னும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, வேகம் ஸ்கொயர்ல ஏறுமே! டிரெய்லர்ல பிரேக் இல்லாட்டி அத்தனையும் டிரக்கோட நாலு சக்கரம்தான் வாங்கிக்கணும்.

அதனாலதான் அங்கே பல மாநிலங்கள்ல 3,000 பவுண்டுக்கு மேல போனா டிரெய்லருக்கே பிரேக் கட்டாயம். படகு டிரெய்லர்ல பெரும்பாலும் சர்ஜ் பிரேக் இருக்கும். டிரக் வேகம் குறைஞ்சதும் டிரெய்லர் முன்னால முட்டும். அந்த முட்டுற விசையே ஹைட்ராலிக் பிரேக்கை அழுத்தும். சிம்பிள்! ஆனா, அடிக்கடி தண்ணியில முங்குறதால துரு பிடிக்கும். டிரக்கை மட்டும் பாத்துட்டு டிரெய்லரைப் பாக்காம விட்டா பாதி பரீட்சைதான் எழுதியிருக்கீங்க.

சறுக்கு மரம்

படகு இறக்குற சரிவுகள் வழக்கமா 12-லேர்ந்து 15 சதவிகிதம் சாய்வு. 8,500 பவுண்டை 15 சதவிகிதத்துல மேல ஏத்தணும்னா சுமார் 1,275 பவுண்டு விசை. அதுவும் பின் சக்கரம் பாசி பிடிச்ச ஈரத்துல நிக்கும்போது! பின் சக்கர டிரைவ் மட்டும்னா அங்கேயே சுத்திட்டு நிக்கும். ஃபோர் வீல் டிரைவ் இருந்தா முன் சக்கரம் காஞ்ச தரையைப் பிடிச்சு இழுக்கும். ஹேண்ட் பிரேக் நல்லா பிடிக்குதான்னு சரிவுல நிறுத்திப் பாருங்க. அது பிடிக்கலைன்னா படகு மிதக்கும், டிரக் முங்கும்!

ஸ்க்ரூ டிரைவர் சொன்ன உண்மை

பழைய வண்டியில முக்கியமான எதிரி துரு. மிச்சிகன்ல பனிக்காலத்துல ரோட்ல உப்பு போடுவாங்க. பெயின்ட் பளபளன்னு இருக்கும், அடியில சேசிஸ் அப்பளமா இருக்கும். டொயோட்டாவே சில வருஷத்து டகோமா, டன்ட்ரா சேசிஸ் துரு விவகாரத்துல 2016-ல வழக்கை சமரசம் பண்ணிக்கிச்சுன்னா பாத்துக்குங்க.

அண்ணன் கிட்ட ஒரு லிஸ்ட் அனுப்பினேன்.

* கீழே படுத்து, சேசிஸை ஸ்க்ரூ டிரைவரால அழுத்தமா குத்திப் பாருங்க. பிரேக் பைப்பையும் பின்பக்கம் வரைக்கும் பாருங்க.
* கியர் ஆயில் பாருங்க. சிவப்பா இருந்தா சந்தோஷம். கருத்துப் போய் தீஞ்ச வாடை வந்தா, நிறைய இழுத்து நொந்த வண்டி.
* எஞ்சின் ஆறினப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும். சூடாக்கி வெச்சிருந்தா ஏன்னு கேளுங்க.
* 17 எழுத்து வின் நம்பரை அரசாங்கத்தோட என்.ஹெச்.டி.எஸ்.ஏ. தளத்துல போட்டா, சரி பண்ணாத ரீகால் இருக்கான்னு இலவசமா தெரியும்.
* வெள்ளத்துல முங்கின வண்டியா? சீட் பெல்ட்டை முழுசா இழுங்க. சேறு தடம் காட்டிக் கொடுக்கும்.

அந்த சனிக்கிழமை அண்ணன் வீடியோ கால்ல, பனியில படுத்துக்கிட்டு அந்த ஒன்பதாயிரம் டாலர் டிரக்கைக் காட்டினார். பின் சக்கரத்துக்கு மேல ஸ்க்ரூ டிரைவரை வெச்சு ஒரு குத்து. பொத்துக்கிட்டு உள்ளே போயிருச்சு! ரெண்டு பேரும் ஒண்ணும் பேசலை. பின் சீட்ல குழந்தைங்களை உக்கார வெச்சு, பின்னால ஒண்ணரை டன்னைக் கட்டி, 70 மைல்ல அந்த சேசிஸ்ல போயிருப்பார். அதுவும் என் 'ஹார்ஸ் பவர்' அட்வைஸைக் கேட்டு.

கடைசியா ஒரு கேள்வி

வருஷத்துக்கு எட்டு தடவைக்கு டிரக்கே வேணுமா? படகை ஏரிக்கரை மெரீனாவுலயே வாடகைக்கு நிறுத்திட்டா, சீசன் ஆரம்பத்துல ஒரு தடவை, முடிவுல ஒரு தடவை இழுத்தா போதும். அந்த வாடகையையும், டிரக் குடிக்கிற பெட்ரோல், இன்ஷூரன்ஸையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

அண்ணன் எழுதிப் பாத்தார். இந்த வருஷம் படகு மெரீனாவுல. டிரக் வேட்டை மெதுவா நடக்குது. ஸ்க்ரூ டிரைவர் மட்டும் அவர் கோட் பாக்கெட்ல பர்மனென்ட்டா இருக்கு.

எங்க இன்ஸ்ட்ரக்டர்கிட்ட இதையும் சொன்னேன். லேத்தை நிறுத்திட்டுச் சிரிச்சார்!